பெயர்கள் வந்து சேர்ந்தனவா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



டொக்டரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். செயலாளர் தங்கையும் அதைத்தான் கேட்டார். நீரிழிவைப் பற்றி நான் வாரத்தில் ஆறு நாள் பேசுகிறேன். கேட்பவர்கள் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீரில் மூன்று கரண்டி சீனி போடுகிறார்கள். ஆகவே இன்று வேறு விஷயம். நமது சங்கத்தின் ஆவணக் குழு கடந்த ஒரு வருடமாகச் செய்துவரும் வேலையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பழைய கணினியில், இப்போது யாரும் தயாரிக்காத மென்பொருள்களில் கிடக்கும் நமது கோப்புகளைப் புதிய ஆவணச் செயலிக்கு மாற்றும் வேலை அது. கேட்க அலுப்பான விஷயம்தான். ஆனால் அந்தக் கோப்புகளுக்குள் இருப்பது உங்கள் பெயர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம்மிடம் என்னென்ன இருக்கின்றன? பவளவிழா மலர் இருக்கிறது. பேஜ்மேக்கர் மென்பொருளில், பாமினி எழுத்துருவில் செய்தது. பழைய சேர்வு இடாப்புகளைப் பார்த்துத் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியலும் அங்கத்தவர் பட்டியலும் ஒரு தரவுத்தள மென்பொருளில் இருக்கின்றன. அதைச் செய்து தந்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். புகைப்படங்கள் பிக்காசாவில். வெளிநாட்டிலும் இந்தியாவிலும் வாழும் அக்காமார் வருடக்கணக்காக எழுதிய கடிதங்கள் யாஹூ குழுமம் ஒன்றில் இருந்தன. "இருந்தன" என்றுதான் சொல்ல வேண்டும். பழைய செய்திகளை நீக்கப்போவதாக 2019 ஒக்டோபரில் யாஹூ அறிவித்தது. 2020 டிசெம்பர் 15 இல் சேவையே நின்றது. அறிவிப்பு வந்த மின்னஞ்சலை நமது பக்கத்தில் யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்த முகவரிக்கு உரியவர் அதற்குள் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். குழுமத்தில் வந்த கடிதங்களைத் தங்கள் சொந்த மின்னஞ்சலில் பெற்றவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். பழைய அஞ்சல்களைத் தேடிப்பார்த்து, கிடைப்பதைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் கடிதங்களுக்கு இனி அது ஒன்றுதான் வழி.

பேஜ்மேக்கரின் கதை வேறு மாதிரி. 1985 இல் ஓல்டஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட அந்த மென்பொருள் 1994 இல் அடோபியின் கைக்கு வந்தது. 2004 இல் அடோபி அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டு, "இனி இன்டிசைனைப் பயன்படுத்துங்கள்" என்று சொல்லிவிட்டது. இன்டிசைனின் பழைய பதிப்புகள், சீஎஸ்6 வரை, பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். அதற்குப் பிறகு வந்தவை திறக்கா. ஆகவே புதுக் கணினி வாங்கி, புதிய மென்பொருள் போட்டு, "இனி எல்லாம் சரி" என்று உட்கார்ந்தவர்களுக்கு மலர் திறக்கவில்லை. அச்சகமும் இப்போது இல்லை. மலரின் இறுவட்டு ஒன்று அலுமாரியில் கிடந்தது. கித்துல்கல மழையில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்த இறுவட்டின் நிலையை நீங்கள் ஊகிக்கலாம். அலுமாரிச் செருப்பே பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது. நல்லவேளையாக, அதே கோப்பின் பிரதி பழைய கணினியின் வன்தட்டிலும் இருந்தது. பேஜ்மேக்கரும் அதிலேயே இருந்தது. "இந்தக் குப்பையை எப்போது தூக்கிப் போடப்போகிறீர்கள்?" என்று எல்லோரும் கேட்ட அந்தக் கணினிதான் நமக்கு மலரை மீட்டுத் தந்தது.

திறந்தால் போதுமா? போதாது. இலங்கையில் 1990களிலும் 2000களிலும் கணினியில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்குப் பாமினியைத் தெரியாமல் இருக்காது. கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பரீட்சை வினாத்தாள் எல்லாம் பாமினிதான். அது எப்படி வேலை செய்தது என்றால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்தது. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் அதே கோப்பைத் திறந்தால், "தமிழ்" என்று நாம் எழுதிய சொல் ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கும். செயலியின் தேடற்பெட்டியில் நீங்கள் "கமலா" என்று தேடினால் ஆயிரம் கமலாக்கள் உள்ளே இருந்தாலும் ஒருவரும் வரமாட்டார்.

யுனிகோட் என்ற உலகப் பொது முறையில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 அதற்கு ஆதரவு தந்தது. ஆனாலும் நமது அச்சகங்களும் அலுவலகங்களும் பாமினியை விடுவதற்கு இன்னும் பல வருடங்கள் எடுத்தன. சிலர் இன்றும் விடவில்லை. இந்த மாற்றத்தை எல்லாத் தமிழரும் ஏதோ ஒரு வகையில் கடந்திருக்கிறோம். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் வேறு குறியேற்றங்களில் ஏற்றிவிட்டுப் பிறகு யுனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைக்கிறது. அதில் ஒரு நன்மை உண்டு. ஸ்கேன் செய்த பக்கத்தில் எழுத்துரு மாறாது. நமது பவளவிழா மலரையும் கோப்பாக மாற்றியதோடு நிற்காமல், கையில் கிடைத்த அச்சுப் பிரதியை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்ததற்கு அதுதான் காரணம்.

பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. ஒரு பக்கத்தில் ஒட்டினால் மறுபக்கத்தில் நல்ல தமிழ் வரும். முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். சிக்கல் மிச்சக் காலில் இருக்கிறது. ஆங்கிலச் சொற்கள் நடுவில் வந்தால் மாற்றி அவற்றையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கித் தள்ளிவிடும். பட்டங்கள், தோட்டப் பெயர்கள், வெளிநாட்டு முகவரிகள் எல்லாம் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாயின. அவை கண்ணுக்குத் தெரிகிற பிழைகள், திருத்திவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

நமது பட்டியலில் கௌரிமார் பலர் இருக்கிறார்கள். கௌசல்யாக்களும் உண்டு. புதிய செயலியில் "கௌரி" என்று தேடினோம். ஒருவரும் வரவில்லை. பட்டியலைக் கண்ணால் பார்த்தால் இருக்கிறார்கள், தேடினால் இல்லை. காரணம் இதுதான். பாமினியில் "கௌ" என்பதற்கு ஒற்றைக் கொம்பு, ககரம், பின்னால் ளகரம் என்று மூன்று விசை அழுத்துவோம். அந்த முறையில் ஔகாரக் குறியின் பின்பாதியும் "ள" என்ற எழுத்தும் ஒன்றே. யுனிகோடில் அவை இரண்டும் வேறு. மாற்றி அவற்றை "கெ", "ள" என்று தனித்தனியாக எடுத்துக்கொண்டது. திரையில் "கெளரி" என்று நிற்கிறது. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது கெ-ள-ரி என்ற வேறு ஒரு பெண். தமிழ் இணையப் பக்கங்களில் இந்தப் பிழையை இன்றும் எங்கும் காணலாம். கணினியில் "கெள" என்பதையெல்லாம் "கௌ" என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிடலாமே என்று குழுவில் ஒரு தங்கை கேட்டார். மாற்றினால் "கெளுத்தி மீன்" "கௌுத்தி" ஆகி எந்த எழுத்திலும் சேராமல் நிற்கும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெயர்ப் பட்டியல் அளவுக்குப் பார்த்துவிட்டோம்; மலரின் கட்டுரைகள் இன்னும் மிச்சம்.

இனிப் புகைப்படங்கள். என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

பிக்காசாவை உங்களில் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். புகைப்படத்தில் முகத்தைத் தானாகக் கண்டுபிடித்து, "இவர் யார்?" என்று கேட்கும், நாம் பெயரை எழுதலாம். நமது சங்கத்தின் ஓர் அக்கா, ஓய்வுபெற்ற ஒரு டீச்சரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, பல மாதச் சனிக்கிழமைகளில் பழைய குழுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர் பெயராக எழுதினார். டீச்சருக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1950களின் வகுப்புப் படங்களில் இரட்டைப் பின்னலோடு நிற்கும் பிள்ளைகளை, "இது மேல் டிவிசன் கங்காணி மகள், இது பால்வெட்டு மஸ்டர் கிளாக்கரின் இளையவள்" என்று அடையாளம் சொன்னாராம். கித்துல்கலையில் "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" படம் பிடிக்கப்பட்டதே, 1957 இல் வெளிவந்தது, அந்த நாட்களில் களனி ஆற்றங்கரையில் எடுத்த ஒரு படமும் இருக்கிறது. வெள்ளைக்காரர் கட்டுகிற பாலத்தைப் பார்க்கப் போன பிள்ளைகள் கரையில் வரிசையாக நிற்கிறார்கள். அந்த டீச்சர் இன்று நம்மோடு இல்லை.

கூகுள் நிறுவனம் 2016 பெப்ரவரியில் பிக்காசாவை நிறுத்துவதாக அறிவித்து, மார்ச் நடுப்பகுதியில் அதைக் கைவிட்டது. பழைய கணினியில் அது தொடர்ந்து ஓடியதால் நாம் கவலைப்படவில்லை. சென்ற வருடம் புதிய செயலி வந்ததும், புகைப்படக் கோப்புறைகளை அப்படியே பிரதி எடுத்து ஏற்றினோம். எண்ணிப் பார்த்தோம். ஒரு படமும் குறையவில்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஒரு படத்தைத் திறந்து பார்த்தால் முகங்கள் இருக்கின்றன. ஒரு பெயரும் இல்லை.

பெயர்கள் எங்கே போயின என்று தேடியபோதுதான் அந்த மென்பொருளின் உள்ளமைப்பு தெரிந்தது. படத்துக்குக் கீழே எழுதும் விளக்க வரி படக் கோப்பின் உள்ளேயே போய்விடும். அதை எங்கு கொண்டுபோனாலும் கூட வரும். முகத்துக்குக் கொடுத்த பெயர் அப்படி இல்லை. நாமாகச் சொல்லியிருந்தால் ஒழிய அது படத்துக்குள் எழுதப்படாது. ஒவ்வொரு கோப்புறையிலும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்ட ஒரு சின்னக் கோப்பு, "இந்த இடத்தில் உள்ள முகத்தின் இலக்கம் இது" என்று மட்டும் சொல்கிறது. அந்த இலக்கம் யாருடையது என்பது கணினியின் வேறொரு மூலையில், தொடர்புகள் என்ற இன்னொரு கோப்பில் இருக்கிறது. முதலாவது கோப்பு மறைந்திருந்ததால் பிரதி எடுத்தபோது சில கோப்புறைகளில் விடுபட்டது. இரண்டாவது கோப்பைப் பற்றி யாருக்கும் தெரியவே தெரியாது.

இதைக் கேட்டபோது எனக்கு டின் டிக்கெட் ஞாபகம் வந்தது. நமது பாட்டன் பூட்டன்மார் இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கட்டிவிட்டார்கள். அதில் பெயர் கிடையாது, எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதற்கான குறியும் இலக்கமும்தான். பதிவேடு கையில் இருக்கிறவனுக்கு அது ஆள். பதிவேடு இல்லாதவனுக்கு அது வெறும் தகரம். நமது பிக்காசாவும் அதே வேலையைத்தான் செய்துவைத்திருந்தது.

பழைய கணினியின் வன்தட்டைத் துடைக்காமல் வைத்திருந்ததால் தப்பினோம். இரண்டு கோப்புகளையும் எடுத்து, கணினி படிக்கும் ஒரு தங்கையின் மகன் எழுதிய சின்ன நிரல் ஒன்றின் உதவியோடு இலக்கத்தையும் பெயரையும் பொருத்தி, ஒவ்வொரு படத்துக்கும் "இடமிருந்து வலமாக" என்று விளக்க வரி எழுதி, அதைப் படக் கோப்பின் உள்ளேயே சேர்த்துவிட்டோம். இனிச் செயலி மாறினாலும் பெயர் படத்தோடு போகும். ஆனாலும் சில முகங்களின் இலக்கத்துக்குப் பெயர் கிடைக்கவில்லை. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. வேறு பாடசாலைகளின் பழைய மாணவிகளுக்கு இடாப்பு ஒரு ஞாபகச் சின்னமாக இருக்கலாம். நமக்கு அது அப்படி அல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நமது மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1 க்கு முன்னர் மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இடைவிடாமல் இங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. எழுத்தில் இருந்தவன் பிழைத்தான். லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, அதை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் போனது. பிறகு 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974 இல் இரு நாடும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. கடைசியில் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் அந்தக் கணக்கு ஓரளவு தீர்ந்தது. பிறப்பு பதியப்படாத பிள்ளைக்கு இன்றும் பாடசாலை விடுகைப் பத்திரம் ஓர் ஆதாரம். அந்தப் பத்திரத்தை எழுத அதிபருக்குத் தேவை சேர்வு இடாப்பு.

இந்த இடத்தில்தான் குழுவுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. புதிய செயலி, ஒவ்வொரு ஆளுக்கும் "முதற்பெயர்", "குடும்பப்பெயர்" என்று இரண்டு கட்டங்களை நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்கு விடும். நமது இடாப்பில் "முத்தம்மா, தகப்பன் பெயர் கருப்பையா" என்று இருக்கும். குடும்பப்பெயர் என்று ஒன்று நமக்கு ஏது? தகப்பன் பெயரை அங்கே போட்டுவிடலாம் என்றார்கள் சிலர். புள்ளி ஒன்றை வைத்துவிடலாம் என்றார்கள் வேறு சிலர். இன்னொரு பக்கம் எழுத்துக்கூட்டல். ஒரே ஆள் இடாப்பில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, இந்தியக் கடவுச்சீட்டில் இலக்குமி. "எல்லாவற்றையும் திருத்தி ஒரே மாதிரி எழுதிவிடலாம், பார்க்க அழகாக இருக்கும்" என்பது ஒரு கருத்து.

நான் அதற்கு உடன்படவில்லை. இன்றும் உடன்படவில்லை. இடாப்பில் எப்படி எழுதியிருக்கிறதோ, பிழையாகவே எழுதியிருந்தாலும், அப்படியே ஒரு கட்டத்தில் இருக்க வேண்டும். தேடுவதற்கு வசதியான எழுத்துக்கூட்டலை வேறொரு கட்டத்தில் போடலாம். "லெ" ஒன்றை "ல" ஆக்கியதால் ஓய்வூதியக் காசு மாதக்கணக்கில் நின்றுபோன குடும்பங்களை நமது தோட்டங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோட்டுக்கும் கச்சேரிக்கும் தேவைப்படுவது அன்று எழுதிய எழுத்து. நாம் இன்று அழகுபடுத்திய எழுத்து அங்கே செல்லாது. கடைசியில் குழு அப்படியே தீர்மானித்தது.

திகதியும் அப்படித்தான். பழைய தரவுத்தளத்தில் 04/05/1961 என்று இருந்தது மே 4. புதிய செயலியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்ததால் அது ஏப்ரல் 5 ஆனது. 12க்கு மேற்பட்ட நாட்களில் பிறந்தவர்கள் தப்பினார்கள், மாதம் 13 என்று ஒன்று இல்லாததால் செயலி அவற்றை மறுத்து விட்டது. மறுத்ததால்தான் நமக்கு விஷயமே தெரிந்தது. சேர்விலக்கம் 0045 என்றிருந்தது விரிதாளில் 45 ஆகிவிட்டது. வகுப்பு 8-2 என்று எழுதியிருந்த பிள்ளைகளெல்லாம் ஏதோ ஒரு திகதிக்குள் போய்விட்டார்கள். சிரிக்காதீர்கள், இதே தொல்லையால் 2020 இல் உலக மரபணுப் பெயர்க் குழு சில மனித மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. செப்டெம்பர், மார்ச் மாதங்களைப் போன்ற சுருக்கப் பெயர் உள்ள மரபணுக்களை எக்செல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததாம்.

மருத்துவத்தில் இது வெறும் தொல்லையோடு நிற்பதில்லை. அதே 2020 இல், கொரோனா நாட்களில், இங்கிலாந்தில் 15,841 பேரின் தொற்று முடிவுகள் நாளாந்தக் கணக்கில் சேராமல் போயின. காரணம், ஆய்வுகூடங்களிலிருந்து வந்த தரவைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் ஏற்றியது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விழுந்தன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை அந்த நோயாளிகளோடு பழகியவர்களுக்கு உரிய நேரத்தில் தகவல் போகவில்லை.

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் கிளினிக் பதிவுகளைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றினார்கள். பழையதில் ஒவ்வாமை விவரம் டொக்டரின் குறிப்புக்குள் வசனமாக எழுதியிருந்தது. புதியதில் அதற்குத் தனிக் கட்டம். மாற்றியபோது குறிப்புகள் முழுதாக வந்தன. கட்டம் வெறுமையாக இருந்தது. அவசரத்தில் திரையைப் பார்க்கிறவர் வெறுங்கட்டத்தை "ஒவ்வாமை எதுவும் இல்லை" என்று படிப்பார். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் தாதி ஒருவர் நோயாளியிடம் வாயால் கேட்டதால் அன்று தப்பினோம். அதன் பிறகு, "இல்லை" என்பதும் "தெரியாது" என்பதும் வேறு வேறு சொற்களாக எழுதப்பட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நமது பட்டியலிலும் தகப்பன் பெயர் வெறுமையாக இருந்தால், "இடாப்பில் இல்லை" என்றோ "இடாப்பு கிழிந்துள்ளது" என்றோ எழுதச் சொல்லியிருக்கிறேன். குழுவில் என்னைத் திட்டிக்கொண்டே எழுதுகிறார்கள். அவர்களுக்கு நன்றி.

வார்டில் சேலைன் மாற்றும்போது புதியது ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதைக் கழற்றுவோம். இங்கும் அதே. புதிய செயலியில் ஏற்றிய பிறகு எண்ணிக்கை சரிபார்க்கிறோம். இருபதாவது, நாற்பதாவது, அறுபதாவது பெயர் என்று எடுத்து மூல இடாப்போடு ஒப்பிடுகிறோம். அதோடு நிற்காமல், கஷ்டமான பெயர்களை வேண்டுமென்றே தேடி எடுக்கிறோம்: கௌரிகள், ஸ்ரீதேவிகள், ஃபாத்திமாக்கள், ஒரே பெயரில் மூன்று பேர் உள்ள வகுப்புகள். பழைய கணினி இன்னும் இரண்டு வருடம் அலுமாரியில் இருக்கும். அதன் மேல் "தூக்கிப் போட வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

புதிய செயலி நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்லதாகவே இருக்கட்டும். பிக்காசாவையும் அன்று அப்படித்தான் சொன்னார்கள். அதனால் செயலியில் போடுவதையெல்லாம் செயலி இல்லாமலும் திறக்கக்கூடிய வடிவில் இன்னொரு பிரதி எடுக்கிறோம். பட்டியல்கள் காற்புள்ளியிட்ட சாதாரண உரைக் கோப்பாக. மலர்களும் கூட்ட அறிக்கைகளும் நீண்டகாலப் பாதுகாப்புக்கென 2005 இல் சர்வதேச நியமமாக்கப்பட்ட பீடிஎஃப்-ஏ வடிவத்தில். ஒரு பிரதி பாடசாலையில், ஒன்று கொழும்பில், ஒன்று நாட்டுக்கு வெளியே. பெயர்ப் பட்டியலைக் காகிதத்திலும் அச்சிட்டுக் கட்டிவைக்கிறோம். மேகத்தில் இருக்கிறது, பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு நமது நாட்டுக் கதையே போதும். 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். காலாவதியான பழைய மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்ததும், அந்தக் காலத்துக்குரிய பிரதி இல்லாததும் காரணமாகச் சொல்லப்பட்டன.

கணக்கு யாருடைய பெயரில் என்பதும் முக்கியம். ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் சங்கத்தின் உடைமை இருக்கக் கூடாது. அவர் வெளிநாடு போகலாம், நோயில் விழலாம், சும்மா கோபித்துக்கொண்டு போகலாம். நமது சங்கத்தில் அதுவும் நடந்ததுதான். இரண்டு வருடம் திறக்காத கணக்குகளை 2023 டிசெம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கியிருக்கிறது. இப்போது சங்கத்தின் பெயரில் கணக்கு இருக்கிறது. கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் அதிபரின் அலுமாரியிலும் பொருளாளரிடமும் இருக்கிறது.

எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்க விடலாமா என்று டொரொன்டோவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். விட முடியாது. பழைய இடாப்புகளில் பெற்றோரின் தொழில், பிரஜாவுரிமை நிலை, சில வருடங்களில் சாதி கூட எழுதப்பட்டிருக்கிறது. வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் விவரம் அது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், சட்டம் இல்லாவிட்டாலும் நோயாளியின் துண்டைச் சந்தியில் நின்று வாசிக்க மாட்டோமே. இணைப்பை வட்ஸ்அப்பில் போட்டால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற ஏற்பாடு இருக்காது. உங்கள் பதிவு வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள். உங்களுடையதை உங்களுக்குத் தருவோம். புகைப்படங்களும் மலர்களும் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

கடைசியாக, பெயர் கிடைக்காத முகங்கள். அந்தப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு இந்த மண்டபத்தின் வலப்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இந்த மலரின் பின்பக்கங்களிலும் வரும். ஆற்றங்கரைப் படமும் அங்கே இருக்கிறது. அதில் இரண்டாவது வரிசையில், கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை யார் என்று இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இலக்கம், கீழே எழுத இடம். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் பெயரை எழுதுங்கள். நிச்சயமில்லை என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எழுதுகிறவர் தன் பெயரையும் போட வேண்டும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டில் உள்ள அம்மாவிடமும் அம்மாச்சியிடமும் மலரைக் காட்டிக் கேட்டு எழுதுங்கள். இங்கே வந்திருக்கும் மூத்த அக்காமாரைத் தங்கைமார் கைபிடித்துச் சுவருக்கருகே கூட்டிப் போங்கள். இரண்டு கதிரை போட்டிருக்கிறது, பூதக்கண்ணாடியும் உண்டு. சாப்பாட்டுக்கு மணி அடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. பேனையால் எழுத வேண்டாம், பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.